6 கோரிலிருந்து 16 கோருக்கு மாறினேன், என்கோட் வேகம் மட்டும் கூடவில்லை

#1 கேசட்காரன்

வணக்கம். திண்டுக்கல் பக்கம் கல்யாண வீடியோ தொழில். கேமரா வேலையை இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். நான் பழைய கேசட்டுகளை ஃபைலாக மாற்றிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டேன். விஎச்எஸ் கொஞ்சம், மினிடிவி நிறைய. ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேசட் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு.

இதுவரை ரைசன் 5 5600-இல் ஓட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் அதே பி450 போர்டில் ப்ராசசரை மட்டும் கழற்றிவிட்டு ரைசன் 9 5950எக்ஸ் போட்டேன், செகண்ட் ஹேண்ட்தான். 6 கோர் போய் 16 கோர். மாட்டிக் கொடுத்த கடைக்காரர் "மூணு மடங்கு ஓடும் சார்" என்று சத்தியம் செய்யாத குறை.

வேலை இதுதான்: ஹேண்ட்பிரேக் மென்பொருள், 720×576 பால் (PAL) முறை வீடியோ, டீஇன்டர்லேஸ் செய்து (வரி விட்டு வரியாக இருக்கும் பாதிப் படங்களை, அதாவது ஃபீல்டுகளை, முழு ஃபிரேமாக்கி) நொடிக்கு 50 ஃபிரேமாக விரிப்பது, என்எல்மீன்ஸ் என்ற ஃபில்டர் வைத்து நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளி இரைச்சல்) குறைப்பது, எக்ஸ்265 என்கோடரில் சுருக்குவது, ப்ரீசெட் (வேக நிலை) ஸ்லோ, சிஆர்எஃப் (தர அளவு) 20. பழையதில் 46 எஃப்பிஎஸ் (நொடிக்கு 46 ஃபிரேம்) பக்கம் வந்துகொண்டிருந்தது. புதியதில் 58! இவ்வளவு காசு போட்டு 12 எஃப்பிஎஸ். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 32 கட்டம் தெரிகிறது, பாதிக்கு மேல் தூங்குகிறது. மொத்தப் பயன்பாடு 35 சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

ப்ராசசரில் கோளாறா, என் செட்டிங்கில் கோளாறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


#2 வேகப்பிரியன்

அண்ணா, இந்தக் காலத்தில் யார் சிபியுவில் என்கோட் செய்கிறார்கள்? ஒரு என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி அதற்குள்ளேயே இருக்கும் என்வென்க் என்கோடரில் தள்ளிவிடுங்கள். 300 எஃப்பிஎஸ் பறக்கும். அந்த 5950எக்ஸை வந்த விலைக்கு விற்றுவிடுங்கள்.


#3 விசிறி

விற்பதெல்லாம் அப்புறம். முதலில் ஒன்று சொல்லுங்கள் கேசட்காரன், என்கோட் ஓடும்போது வெப்பம் எவ்வளவு காட்டுகிறது? என்ன கூலர் போட்டிருக்கிறீர்கள்? 5950எக்ஸ் பெட்டியில் கூலர் வராது. அதனால் கேட்கிறேன்.


#4 கேசட்காரன்

ஐயோ, கூலர் பழையதுதான். 5600 கூடவே வந்த சின்ன வட்ட கூலர். "இதுவே போதும் சார், ஒரே சாக்கெட்தானே" என்று சொல்லித்தான் மாட்டினார்கள். வெப்பம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். என்கோட் ஆரம்பித்து ஒரு நிமிடம் ஆவதற்குள் 90 டிகிரி. அப்புறம் அங்கேயே நின்றுவிடுகிறது.


#5 விசிறி

அதுதானே பார்த்தேன். அந்த கூலர் 65 வாட் சில்லுக்காகச் செய்தது. 5950எக்ஸ் பெயருக்கு 105 வாட், ஆனால் போர்டு அதற்கு 142 வாட் வரை கொடுக்கும். 5600-க்கு இந்த எல்லை 76 வாட்தான். 5950எக்ஸ் தாங்கும் உச்ச வெப்பம் 90 டிகிரி. அங்கே போய் முட்டியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள கிளாக்கை, அதாவது ஓடும் வேகத்தை, தானே இறக்கிக்கொள்கிறது. உங்கள் ஊர் வெயிலும் ஏசி இல்லாத அறையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கையோடு ஒரு கணக்கும் பாருங்கள். 76 வாட்டை 6 கோருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 12 வாட்டுக்கு மேல். 142 வாட்டை 16-க்குப் பங்கு போட்டால் 9 வாட்டுக்கும் கீழே. கேச் (சில்லுக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரி), மெமரி இணைப்பு எல்லாம் இதற்குள்ளேயே வரும், அது போகட்டும். நல்ல கூலர் போட்டாலும் 16 கோரும் சேர்ந்து ஓடும்போது ஒவ்வொன்றும் 6 கோர்க்காரன் ஓடும் கிளாக்கில் ஓடாது. பெட்டியில் போட்டிருக்கும் 4.9 கிகாஹெர்ட்ஸ் ஒன்றிரண்டு கோர் மட்டும் வேலை செய்யும்போது கிடைப்பது. ஆக 16-ஐ 6-ஆல் வகுத்து 2.67 மடங்கு என்று கணக்குப் போட்ட கடைக்காரர் அங்கேயே தப்புப் பண்ணிவிட்டார்.

நல்ல டவர் கூலர் ஒன்று வாங்குங்கள். ராம் ஒரு ஸ்டிக்கா, இரண்டா?


#6 கேசட்காரன்

ராம் 16 ஜிபி, ஒரே ஸ்டிக்.


#7 விசிறி

இன்னொன்று அதே மாதிரி வாங்கிப் போடுங்கள். ஒற்றைச் சேனலில் 16 கோருக்குத் தீனி போடுவது ஒரே குழாயில் தெருவுக்கே தண்ணீர் பிடிக்கிற மாதிரி.


#8 கேசட்காரன்

நான்கு நாள் கழித்து வருகிறேன். இரட்டை விசிறி டவர் கூலர், இரண்டாவது ராம் ஸ்டிக், இரண்டும் போட்டாயிற்று. வெப்பம் இப்போது 70-ஐ ஒட்டி நிற்கிறது. எஃப்பிஎஸ் 58-லிருந்து 66. சந்தோஷம்தான், ஆனாலும் மூன்று மடங்கு எங்கே, இது எங்கே? டாஸ்க் மேனேஜர் இப்போதும் 35 சதவீதம்தான் காட்டுகிறது. சூடு இல்லை, ஆனால் கோர்கள் தூங்குகின்றனவே?


#9 நெசவு

இழையை இப்போதுதான் பார்த்தேன். சூடு ஒரு பக்கம் இருந்தது, அது தீர்ந்தது. ஆனால் கோர்கள் தூங்குவதற்குக் காரணம் உங்கள் வீடியோ சின்னது என்பதுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்265 ஒரு ஃபிரேமை 64×64 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. இதற்கு சிடியு என்று பெயர். ஒரு வரிசைக் கட்டங்களை ஒரு த்ரெட் (ப்ராசசரில் தனியாக ஓடும் ஒரு வேலைச் சரடு) எடுத்துக்கொள்ளும். அடுத்த வரிசையை இன்னொரு த்ரெட். ஆனால் இரண்டும் ஒன்றாகக் கிளம்ப முடியாது. ஒரு கட்டத்தைக் கணிக்க அதற்கு மேலே இருப்பதும், மேலே வலப்பக்கம் இருப்பதும் முடிந்திருக்க வேண்டும். அதனால் கீழ் வரிசை எப்போதும் மேல் வரிசைக்கு இரண்டு கட்டம் பின்னாலேயே ஓடும். அலை சாய்வாக இறங்குவது போல இருக்கும் என்பதால் வேவ்ஃபிரண்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கல்யாண வீட்டுக்காரர் நீங்கள், பந்தியை வைத்தே சொல்கிறேன். ஒவ்வொரு வரிசை இலைக்கும் ஒரு ஆள் சாம்பார் வாளியோடு நிற்கிறார். மேல் வரிசைக்காரர் இரண்டு இலை முடித்த பிறகுதான் கீழ் வரிசைக்காரர் வாளியைத் தூக்கலாம் என்பது சட்டம். உங்கள் 720×576-இல் எத்தனை இலை தெரியுமா? அகலத்தில் 12, உயரத்தில் 9 வரிசை. முதல் ஆள் தன் 12 இலையை முடித்து வாளியைக் கீழே வைக்கும்போது வேலையில் இருப்பவர்களில் ஆறாவது வரிசை ஆள்தான் கடைசி, ஏழாமவர் அப்போதுதான் கிளம்புவார். ஆக ஒரே நேரத்தில் 6 பேருக்கு மேல் வேலையே இல்லை. அதுவும் நடுவில் கொஞ்ச நேரம். சராசரி எடுத்தால்: மொத்த இலை 108, முடிய ஆகும் அடி 12 + 16 = 28. 108-ஐ 28-ஆல் வகுத்தால் 3.9. நான்கு ஆளுக்கு வேலை இருக்கும் பந்திக்கு 16 ஆளைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

இதே 1920×1080 ஆக இருந்தால் 30 கட்டம், 17 வரிசை. சராசரி 8 வரும். 4கே என்றால் 60-க்கு 34, சராசரி 16. இணையத்தில் 5950எக்ஸ் பெஞ்ச்மார்க் போடுகிறவர்கள் பெரும்பாலும் 1080-மோ 4கே-வோ வைத்து ஓட்டுவார்கள். உங்கள் கேசட்டை வைத்து யாரும் ஓட்டுவதில்லை.

எக்ஸ்265 ஒரு ஃபிரேமோடு நிற்பதில்லை. முதல் பந்தி நடக்கும்போதே பக்கத்துக் கூடத்தில் அடுத்த பந்தியையும் ஆரம்பிக்கும். முந்தைய ஃபிரேமில் தனக்கு வேண்டிய பகுதி முடிந்திருந்தால் அடுத்த ஃபிரேம் கிளம்பலாம். அதனால்தான் நான்கோடு நிற்காமல் 35 சதவீதம் வரை வந்திருக்கிறது. 32-இல் 35 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 11 த்ரெட். கணக்கு ஒத்துவருகிறது.


#10 கேசட்காரன்

பந்தி கணக்கு பளிச்சென்று புரிந்தது. சாம்பார் வாளியை இனி வேறு கண்ணோடுதான் பார்ப்பேன்.

ஒரு சந்தேகம். 35 சதவீதம் என்றால் மீதி 65 சதவீதம் சும்மா கிடக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் இன்னும் இரண்டு மடங்கு வேகம் உள்ளே புதைந்து கிடக்கிறதா?


#11 நெசவு

அப்படிப் படிக்காதீர்கள். டாஸ்க் மேனேஜரில் தெரியும் 32 கட்டமும் 32 கோர் இல்லை. ஒவ்வொரு கோரும் இரண்டாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஒரு த்ரெட் மெமரிக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் இன்னொரு த்ரெட் அதே கோரில் கொஞ்சம் வேலை பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். 16 கோரிலும் ஒவ்வொரு த்ரெட் ஓடினால் டாஸ்க் மேனேஜர் 50 சதவீதம் என்று காட்டும். ஆனால் சில்லின் உண்மையான தெம்பில் பெரும்பகுதி அப்போதே செலவாகிவிட்டது. மீதி 50-இல் கிடைப்பது சின்ன உபரி.

இன்னொன்று, அம்டால் விதி. ஜீன் அம்டால் 1967-இலேயே சொன்னது. வேலையில் ஐந்தில் ஒரு பங்கை ஒருவர்தான் செய்ய முடியும், மீதியைப் பங்கு போடலாம் என்று வையுங்கள். 6 கோரில் 3 மடங்கு வேகம் கிடைக்கும். 16 கோரில் எவ்வளவு? 4 மடங்கு. 1000 கோர் போட்டாலும் 5-ஐத் தொடாது. உங்கள் 46-க்கும் 66-க்கும் உள்ள விகிதத்தை இதோடு வைத்துப் பாருங்கள், பக்கத்தில் வந்துவிடும்.

அந்த ஒருவர் செய்யும் பங்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை. அதே கேசட், அதே ஃபில்டர்கள், எக்ஸ்265 ப்ரீசெட்டை மட்டும் அல்ட்ராஃபாஸ்ட் ஆக்கி இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் அடைப்பு என்கோடரில். எகிறாவிட்டால் அடைப்பு ஃபில்டரில்.


#12 கேசட்காரன்

செய்து பார்த்தேன். அல்ட்ராஃபாஸ்ட்டில் 66 போய் 118 வந்தது. பறக்கும் என்று எதிர்பார்த்தேன், பறக்கவில்லை. அப்புறம் என்எல்மீன்ஸை எடுத்துவிட்டு ஓட்டினேன், 400-ஐத் தாண்டிவிட்டது. அப்படியானால் நாய்ஸ் குறைப்பும் கழுத்தைப் பிடிக்கிறதா?


#13 நெசவு

ஆமாம். உங்கள் செட்டிங்கில் 118-க்கு மேல் எந்த என்கோடர் போட்டாலும் போக முடியாது. என்எல்மீன்ஸ் கனமான ஃபில்டர். ஒவ்வொரு பிக்சலுக்கும் சுற்றுப்புறத்தில் அதே மாதிரி துண்டுகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்க்கும்.

வேகப்பிரியன் சொன்ன என்வென்க் யோசனைக்கும் இதுதான் பதில். 300 எஃப்பிஎஸ் கார்டைப் போட்டாலும் சிபியுவில் ஓடும் நாய்ஸ் ஃபில்டர் 118 ஃபிரேம்தான் அனுப்பும். கார்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.


#14 வேகப்பிரியன்

சரி, ஃபில்டர் விஷயம் எனக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹார்டுவேர் என்கோடரை அடியோடு ஒதுக்க வேண்டாம். 66-க்குப் பதில் 118 வந்தாலே லாபம்தானே?


#15 கோவை எடிட்டர்

நடுவில் நுழைகிறேன். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பும் துண்டு, யூடியூபில் ஏற்றுவது, இதற்கெல்லாம் என்வென்க் தாராளமாகப் போதும். யூடியூப் எப்படியும் திரும்ப ஒரு தரம் அரைத்துத்தான் போடும். ஆனால் கேசட் வேறு ஜாதி. விஎச்எஸ் நாய்ஸ் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொண்டே இருக்கும். ஹார்டுவேர் என்கோடர் அதே தரத்துக்கு அதிக பிட்ரேட் கேட்கும். கொடுக்காவிட்டால் பட்டுப்புடவை ஜரிகை முதலில் குழம்பும். பாட்டி முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும். அந்த வீட்டில் இருக்கும் ஒரே பதிவு அது, இன்னொரு தரம் எடுக்க முடியாது. ஒரு முறை ஒழுங்காகச் செய்துவிடலாம்.

எனக்கு இதில் வேறு ஒரு கேள்வி. 576 வரி வீடியோவுக்கு எக்ஸ்265 எதற்கு? எக்ஸ்264 போடுங்களேன். என்கோடரை மட்டும் பார்த்தால் இரண்டு மூன்று மடங்கு வேகம். எக்ஸ்265-ஆல் மிச்சமாகும் இடமும் பெரிதில்லை. வாடிக்கையாளர் வீட்டில் பத்து வருடப் பழைய டிவி இருந்தாலும் பென்டிரைவைச் சொருகினால் ஓடும். எக்ஸ்265-இல் கொடுத்து, "படம் வரலை, சவுண்டு மட்டும் வருது" என்று ராத்திரி பத்து மணிக்கு போன் வாங்கியவன் நான்.


#16 நெசவு

நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன். எக்ஸ்264-இன் பங்கு போடும் முறையும் வேறு. அது ஃபிரேமுக்குள் அலை ஓட்டாது. ஒரு த்ரெட்டுக்கு ஒரு ஃபிரேம். முந்தைய ஃபிரேமில் மேல் பகுதி முடிந்ததும் அடுத்தவன் மேலிருந்து தொடங்குவான். வழக்கமாக டாஸ்க் மேனேஜரில் தெரியும் எண்ணிக்கையின் ஒன்றரை மடங்கு த்ரெட் போடும், உங்களுக்கு 48 வர வேண்டும். ஆனால் ஒரு த்ரெட்டுக்கு 16 பிக்சல் வரிசை இரண்டாவது இருக்க வேண்டும் என்று ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 576-ஐ 16-ஆல் வகுத்தால் 36, அதில் பாதி 18. ஆக எக்ஸ்264-உம் உங்கள் கேசட்டுக்கு 18 த்ரெட்டோடு நின்றுவிடும். படம் சின்னது என்றால் எந்த என்கோடராக இருந்தாலும் இந்தச் சுவரில்தான் வந்து முட்டும்.


#17 மலைக்கோட்டை

சம்பந்தம் இல்லாமல் ஒன்று: எக்ஸ்265-ஐ உருவாக்கிய மல்ட்டிகோர்வேர் நிறுவனத்துக்குச் சென்னையில் அலுவலகம் உண்டு. அதன் கோட் வரலாற்றைப் புரட்டினால் நம் ஊர்ப் பெயர்களாக வரும். பந்தி உதாரணம் இங்கே இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதற்கு அதுதான் காரணமோ என்னவோ.


#18 கேசட்காரன்

எக்ஸ்264 யோசனை பிடித்திருக்கிறது, டிவி பிரச்சினை எனக்கும் வந்ததுண்டு. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் இரண்டு மூன்று பேர் எக்ஸ்265-இல்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள். அவர்களுக்கு என்ன செய்வது? 16 கோரையும் வேலை வாங்க வழியே இல்லையா?


#19 நெசவு

இருக்கிறது, மிகச் சுலபம். ஒரே கேசட்டை 16 பேரிடம் கொடுக்காதீர்கள். நான்கு கேசட்டை ஒன்றாக ஓட்டுங்கள். உங்களிடம் வரிசையில் நிறைய இருக்கின்றனதானே? ஹேண்ட்பிரேக் செட்டிங்கில் ஒரே நேரத்தில் எத்தனை என்கோட் என்று கேட்கும் இடம் உண்டு, அங்கே 4 போடுங்கள். நான்கும் தனித்தனி வேலை, ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்காது.

கூடவே இரண்டு சில்லறைத் திருத்தம். எக்ஸ்265-இன் அட்வான்ஸ்டு ஆப்ஷன் பெட்டியில் பூல்ஸ் (எத்தனை த்ரெட் என்பது) என்பதற்கு 8 கொடுங்கள். கொடுக்காவிட்டால் நான்கு என்கோடரும் தலைக்கு 32 த்ரெட் என்று கிளப்பிவிட்டு ஒருவர் காலை ஒருவர் மிதிக்கும். அப்புறம் சிடியு அளவை 64-லிருந்து 32 ஆக்குங்கள். கட்டம் சின்னதானால் வரிசை கூடும்: 23 கட்டம், 18 வரிசை, சராசரி 3.9 போய் 7.3 ஆகிவிடும். இந்தச் சின்ன படத்துக்கு 64 கட்டத்தால் பெரிய லாபமும் இல்லை.

ஆசை இருந்தால் இன்னும் ஒன்று. 5950எக்ஸ் உள்ளே இரண்டு தனித் துண்டு, ஒவ்வொன்றிலும் 8 கோர், 32 எம்பி எல்3 கேச். டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கம் போய் இரண்டு வேலையை 0 முதல் 15 வரையிலும், மற்ற இரண்டை 16 முதல் 31 வரையிலும் கட்டிவிடலாம். ஒவ்வொரு வேலையும் தன் வீட்டு கேச்சிலேயே புழங்கும். சில நேரம் கொஞ்சம் கிடைக்கும், சில நேரம் ஒன்றும் தெரியாது. இதற்காக உயிரை விடாதீர்கள்.


#20 ரங்கூன் தெரு

நாலு ஃபைலை ஒன்றாகப் படித்தால் வெளி ஹார்ட் டிஸ்க் திணறாதா?


#21 விசிறி

மினிடிவி ஒரு மணி நேரம் 13 ஜிபி. நொடிக்கு 3.6 எம்பிதான். கேசட்காரனின் நான்கு வேலையும் சேர்ந்து, கேசட் ஓடும் வேகத்தைப் போல இரண்டரை மடங்கில் ஓடினாலும் 9 எம்பி. எந்தப் பழைய டிஸ்க்கும் இதைக் கொடுக்கும். விஎச்எஸ்-ஐ லாஸ்லெஸ்ஸாக (தரம் துளியும் குறையாமல்) பிடித்து வைத்திருந்தால் அளவு இன்னும் அதிகமாக வரும், அப்போதும் பயப்பட வேண்டியதில்லை. ராமும் இந்த அளவு படத்துக்குப் போதும். 4கே நான்கை ஒன்றாக ஓட்டினால்தான் ராம் கதறும்.


#22 புதுவை

என்னுடையது இன்டெல் ஐ7-12700. இதே மாதிரி ஒரு தலைவலி: ஹேண்ட்பிரேக் ஜன்னல் முன்னால் இருந்தால் நன்றாக ஓடுகிறது, மினிமைஸ் செய்துவிட்டு பிரவுசரைத் திறந்தால் எஃப்பிஎஸ் பாதியாகிறது. பிரவுசரை மூடினாலும் ஏறுவதில்லை. ஜன்னலைத் திரும்ப மேலே கொண்டுவந்தால் ஏறுகிறது. பேய் கீய் பிடித்திருக்கிறதா?


#23 நெசவு

பேய் இல்லை, இரண்டு ஜாதி கோர். உங்கள் சில்லில் 8 பெரிய கோர், 4 சின்ன கோர். 2021-இல் வந்த 12-ஆம் தலைமுறையிலிருந்து மேசைக் கணினியில் இது சகஜம். பின்னால் போன ஜன்னலை அவசரமில்லாத வேலை என்று எடுத்துக்கொண்டு விண்டோஸ் அதைச் சின்ன கோர்களுக்குத் தள்ளும். மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்கான ஏற்பாடு அது. ஹேண்ட்பிரேக் வேறு, தன் முன்னுரிமையைச் சாதாரணத்துக்கும் ஒரு படி கீழே வைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்ததும் பெரிய கோர் எட்டும் ஓய்வு.

ஹேண்ட்பிரேக் செட்டிங்கில் முன்னுரிமையை ஒரு படி ஏற்றுங்கள். பவர் ப்ளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுங்கள். ஒன்றும் செய்ய மனமில்லை என்றால் ஜன்னலை மினிமைஸ் செய்யாமல் ஓரமாக விட்டுவிடுங்கள்.


#24 புதுவை

முன்னுரிமையை ஏற்றியதும் சரியாகிவிட்டது. மூன்று மாதம் தெரியாமல் ஓட்டியிருக்கிறேன். நன்றி.


#25 வேகப்பிரியன்

யாரும் ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவம் பற்றி வாயே திறக்கவில்லையே? அதற்கான எஸ்விடி-ஏவி1 என்கோடர் நிறைய கோருக்காகவே எழுதியது என்று படித்தேன்.


#26 நெசவு

உண்மைதான். இன்டெலும் நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்து செய்தது, 2019-இல் வெளியானது. ஆரம்பத்திலிருந்தே வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் விதமாகக் கட்டியிருப்பதால் கோர்களை எக்ஸ்265-ஐ விட நன்றாகத் தின்னும். 1080-க்கும் 4கே-வுக்கும் நானே அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் கேசட்காரனின் வாடிக்கையாளர் டிவி பென்டிரைவிலிருந்து ஏவி1-ஐ ஓட்டுமா? கோவை எடிட்டருக்கு ராத்திரி பத்து மணிக்கு வந்த போன் இவருக்கு ஒன்பது மணிக்கே வரும்.

ஒரே ஒரு நீளமான வீடியோவை அவசரமாக முடிக்க வேண்டும் என்றால் காட்சி மாறும் இடங்களில் வெட்டி, துண்டுகளைத் தனித்தனியாக ஒரே நேரத்தில் என்கோட் செய்து கடைசியில் ஒட்டலாம். அவ்1ஆன் என்ற கருவி இதைத்தான் செய்கிறது. பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்களின் வழியும் இதுவே. கட்டளை வரியில் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளை ஓட்டுபவர்கள் அதன் பதிப்பு 7.0 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2024 ஏப்ரலில் வந்த அந்தப் பதிப்பில்தான் டீகோட், ஃபில்டர், என்கோட் மூன்றும் தனித்தனி த்ரெட்டில் ஒரே நேரத்தில் ஓடும்படி மாற்றினார்கள். அதற்கு முன் மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக முறை வைத்து நடந்தன.


#27 கேசட்காரன்

முடிவு சொல்ல வந்தேன். நான்கு கேசட் ஒன்றாக, பூல்ஸ் 8, சிடியு 32. ஒவ்வொன்றும் 28 எஃப்பிஎஸ். மொத்தம் 112! டாஸ்க் மேனேஜரில் எல்லாக் கட்டமும் நிரம்பி வழிகிறது. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஓடும் நான்கு கேசட்டை முடிக்க 5600-இல் 4 மணி 20 நிமிடம் ஆகியிருக்கும், இப்போது 1 மணி 47 நிமிடம். மூன்று மடங்கு இல்லை, இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. கூலரின் விலையைக் கடைக்காரரிடம் கேட்கப் போவதில்லை, போகட்டும்.

நடுவில் ஒரு கூத்து. நேற்று மதியம் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டது. நான்கு ஃபைலும் பாதியில் நின்றன, எதையும் திறக்க முடியவில்லை. முன்பு ஒன்று போகும், இப்போது நான்காகப் போகிறது.


#28 கோவை எடிட்டர்

எம்பி4-ஆக எழுதினீர்களா? அதன் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். பாதியில் நின்றால் ஃபைல் வெறும் குப்பை. எம்கேவி-யில் எழுதுங்கள், நின்ற இடம் வரை ஓடும். முழுதாக முடிந்ததும் திரும்ப என்கோட் செய்யாமல் எம்பி4-க்கு மாற்றிக்கொள்ளலாம், நிமிடத்தில் ஆகிவிடும்.

கேட்க மறந்தேன், மினிடிவியில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும், செட்டிங்கில் அப்படித்தானே வைத்திருக்கிறீர்கள்? மாற்றி வைத்தால் நாதஸ்வரக்காரர் முன்னும் பின்னும் குதிப்பார்.


#29 கேசட்காரன்

அது சரியாகவே இருக்கிறது. இனி எம்கேவி-தான்.

ராத்திரி முழுக்க நான்கு வேலை ஓடினால் அறை அடுப்பு மாதிரி ஆகிறது. மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, சூடு குறைய வழி உண்டா?


#30 விசிறி

பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்கில்) ஈகோ மோட் என்ற மின்சாரச் சிக்கன ஏற்பாடு இருந்தால் 65 வாட் என்று வையுங்கள். 142 வாட் எல்லை 88-க்கு இறங்கும். கிளாக் கொஞ்சம்தான் விழும், ஏனென்றால் கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் சில்லு கண்மூடித்தனமாக மின்சாரம் குடிக்கிறது. 16 கோரை மெதுவாக ஓட்டுவது 6 கோரை விரட்டி ஓட்டுவதை விடச் சிக்கனம். நிறைய கோர் வாங்கியதன் நிஜமான சுகம் இதில்தான் இருக்கிறது என்பேன்.


#31 கேசட்காரன்

போட்டாயிற்று. 112 போய் 97 ஆனது. விசிறிச் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்பதில்லை. வீட்டுக்காரி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.


#32 ரங்கூன் தெரு

குறுக்கே ஒன்று கேட்கலாமா அண்ணே? கேசட்டை டெக்கில் போட்டு கம்ப்யூட்டரில் ஏற்றுகிறீர்கள் அல்லவா, அது கேசட் ஓடும் வேகத்தில்தானே ஏறும்? ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம். பழைய 5600 அதை 65 நிமிடத்தில் என்கோட் செய்தது என்று உங்கள் கணக்கே சொல்கிறது. ஒரே டெக்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால்…


#33 கேசட்காரன்

தம்பி, இதை ஏன் முதல் நாளே கேட்கவில்லை?

ஏற்கெனவே ஏற்றி வைத்த 140 ஃபைல் டிஸ்க்கில் இருக்கிறது, அதற்கு இந்த வேகம் உதவும். அது தீர்ந்ததும் நீ சொல்வதுதான். 16 கோரும் டெக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த டெக்கும் போன வாரத்திலிருந்து பூசணம் பிடித்த கேசட் போட்டால் ஹெட் அடைத்துக்கொண்டு கோடு கோடாகக் காட்டுகிறது.

மதுரை, திண்டுக்கல் பக்கம் ஓடுகிற நிலையில் விஎச்எஸ் டெக் யாரிடமாவது இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள். ரிமோட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.